பக்கத்துக்கு ஒரு கோழி

அன்னிக்குக் காலையில பல்லு வெளக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். இந்த ஆயுசுல ஒரே ஒரு காரியமாவது தங்கமாரிகிட்ட கேக்காம செஞ்சு காட்டணும். வாய் கொப்பளிச்சு முடிக்கதுக்குள்ள தைரியம் பாதி கொறஞ்சு போச்சு. மிச்சப் பாதியை வச்சுக்கிட்டுத்தான் எறங்கினேன்.

தங்கமாரி என் வீட்டுக்காரி. நான் கருத்தப்பாண்டி, கோவில்பட்டியில எலக்ட்ரீசியன். எங்க கடைக்குப் பேரு தங்கமாரி எலக்ட்ரிக்கல்ஸ். பொண்டாட்டி மேல உள்ள ஆசையில வச்ச பேருன்னு நெனைச்சுராதீங்க. பொம்பளைங்க பேருல கடை போட்டா பேங்குல வட்டி கொறைவுன்னு சொன்னாவ. அதனால கடைக்கு உரிமையாளர் அவ. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி அவ. கேஸ் சிலிண்டரு அவ பேருல, வீட்டு வரி அவ பேருல, நான் ஓட்டுத பைக்கும் அவ பேருல. என் பேருக்கு வருத ஒரே தபால் கல்யாணப் பத்திரிகைதான். அதுலயும் குடும்பத்தினர்னு சேர்த்து எழுதிருதாவ. என் பேருல தனியா இருக்கது ஒயர்மேன் லைசன்ஸ் ஒண்ணுதான். பரீச்சை எழுதி வாங்கணும்ங்கதால தப்பிச்சுது.

விசயத்துக்கு வாரேன். முந்தின நாளு ஆறுமுகசாமி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு விட்டிருந்தாரு. அண்ணாச்சிக்குப் பரம்பரையா தீப்பெட்டி ஆபீஸு. இப்பக் கடம்பூர் ரோட்டுல புதுசா ஒண்ணு கட்டுதாரு. அதுக்கு வயரிங் வேலை எனக்குத்தான்னு நான் கனவுல பாதி ஒயரை இழுத்து முடிச்சிருந்தேன். அந்த வேலை கெடைச்சா ஒரு வருசத்துக்கு எவன் தோட்டத்து மோட்டாரையும் வெயில்ல நின்னு நோண்ட வேண்டாம்.

"கருத்தப்பாண்டி, ஒரு சிக்கலு வந்துட்டு" அப்படின்னாரு அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி?"

"வெளிநாட்டுல ஒரு கம்பெனிக்காரன் பெட்டி கேக்கான். அவன் ஆளு ஒருத்தன் வந்து பார்த்தான். குச்சிக்கு மருந்து கலக்குத ரூமுல, வயரிங் அவிய நாட்டுத் தரப் புத்தகத்துல போட்டிருக்கபடிதான் இருக்கணும்ங்கான்."

"அதுக்கென்ன, போட்டுருவோம்."

"புத்தகம் வச்சிருக்கியா?"

"எங்க எலக்ட்ரீசியன் சங்கத்துல ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"ஜெராக்ஸா?"

நான் சொவத்தைப் பார்த்தேன்.

"ஜெராக்ஸு செல்லாதுலே. வேலை எடுக்கவன் கையில துட்டுக் கொடுத்து வாங்குன புத்தகம் இருக்கணும். தெறந்து காட்டச் சொல்லுதான். இசக்கிபாண்டிகிட்டயும் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழமைக்குள்ள எவன் புத்தகத்தோட வாரானோ அவனுக்கு வேலை."

இசக்கிபாண்டி எனக்குத் தொழில்ல எதிரி, மத்தபடி டீக்கடையில சிநேகிதன். அவன்கிட்டயும் இருக்கது அதே சங்கத்து ஜெராக்ஸுதான். அந்தப் புத்தகத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். அது ஜெராக்ஸ் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தது. எந்தக் கோடு எர்த்து, எந்தக் கோடு பேப்பர் மடிப்புன்னு ஒருத்தனாலயும் சொல்ல ஏலாது. மடிப்பைப் பார்த்து ஒரு ஆளு கல்யாண மண்டபத்துக்கே லைன் இழுத்திருக்கான். இன்னிக்கும் அங்கன சமையல்கட்டுல கிரைண்டர் போட்டா மணவறையில லைட்டு எரியும். எங்க ஊருல எல்லாரும் தொழில் படிச்சது அதை வச்சுத்தான்.

சரி, புத்தகம் வாங்கணும். தங்கமாரிகிட்ட துட்டு கேக்கலாம். கேட்டா, "புத்தகமா? படிக்கவா? நீங்களா?" அப்படின்னு மூணு கேள்வி கேப்பா. மூணுக்கும் என்கிட்ட பதில் கெடையாது. அதனாலதான் பல்லு வெளக்கும்போது அந்த முடிவு.

துட்டு என்கிட்ட இருந்துச்சு. எலக்ட்ரீசியனா இருந்துக்கிட்டு துட்டை ஒளிச்சு வைக்கத் தெரியலன்னா அவன் என்ன எலக்ட்ரீசியன்? எங்க வீட்டு நடை ஓரத்துல ஒரு ஸ்விட்ச் பெட்டி மாட்டியிருக்கேன். அதுக்கு ஒயரு கெடையாது. உள்ள நோட்டுதான். பழைய காப்பர் கம்பி வித்தது, வெளியூரு வேலையில மிஞ்சினதுன்னு சேர்த்துச் சேர்த்துச் சொருகினது. "ஏட்டி, அதை மட்டும் தொட்டுராத. நேரா மெயின்ல இருந்து வருது. ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்"னு சொல்லி வச்சிருக்கேன். அவளும் பயந்து போய் அதைச் சுத்தித்தான் ஒட்டடை அடிப்பா. பாக்கப் பாவமா இருக்கும்.

அவ தண்ணி புடிக்கப் போன நேரத்துல பெட்டியைக் கழட்டினேன். எண்ணிப் பார்த்தா இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கொறைவு. ஒரு புத்தகத்துக்கு இது எதுக்கு, ஐந்நூறு ரூவா போதுமே, மிச்சத்துல ஒரு நல்ல டிரில்லிங் மிஷினே வாங்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டுப் பக்கத்து வீட்டு வேணுகோபால் கடைக்குப் போனேன்.

வேணு பிரவுசிங் கடை வச்சிருக்கான். ஊருக்கே அப்ளிகேசன் போட்டுக் கொடுக்கவன். வீட்டுல தெலுங்கு பேசுதவங்க.

"ஏமி அண்ணே, காலையிலயே?"

விசயத்தைச் சொன்னேன். புத்தகத்துப் பேரை அண்ணாச்சி ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்திருந்தாரு. வேணு தட்டினான். தேடினான். அப்புறம் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, உட்காருங்க."

"உட்கார்ந்துதான இருக்கேன்."

"நல்லாச் சாஞ்சு உட்காருங்க. முப்பத்தெட்டாயிரம்."

"எத்தனை புத்தகத்துக்கு?"

"ஒண்ணுக்கு."

"எத்தனை பக்கம்?"

"நூத்தியிருபது."

"தங்கத்துல அட்டை போட்டிருக்கானா?"

"அட்டையே கெடையாது அண்ணே. பேப்பரும் கெடையாது. கம்ப்யூட்டர்லதான் வரும். தெறந்து பாத்துக்கிட வேண்டியதுதான்."

நான் மின்சாரத்துல நெறைய அடி வாங்கினவன். ஏணியில இருந்து விழுந்திருக்கேன். ஆனா அப்படி ஒரு அடி வாங்கினதில்ல. மனசுக்குள்ள வகுத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு முந்நூத்திச் சொச்சம் ரூவா. எங்க தெருக் கறிக்கடையில ஒரு முழுக் கோழி வெலை. ஒரு பக்கம், ஒரு கோழி. நூத்தியிருபது கோழியை வரிசையா நிறுத்திப் பார்த்தேன். அதை மேய்க்கவே ஒரு ஆளு வேணும்.

"நம்ம நாட்டுப் புத்தகம்னா சர்க்காரே கம்ப்யூட்டர்ல சும்மா பாக்க விடுதாங்க அண்ணே. இவன் கேக்கது அவன் நாட்டுப் புத்தகம்" அப்படின்னான் வேணு. "மொத மூணு பக்கம் மாதிரிக்கு ஓசியில காட்டுதான். பாக்கீங்களா?"

பார்த்தேன். மொதப் பக்கத்துல புத்தகத்துப் பேரு. ரெண்டாம் பக்கத்துல, காப்பி எடுத்தா கேஸு போடுவோம்னு போட்டிருந்தான். மூணாம் பக்கத்துல ஒண்ணும் இல்ல, நடுவுல ஒரே ஒரு வரி.

"இது என்ன வேணு?"

"இந்தப் பக்கம் வேணும்னே காலியா விடப்பட்டிருக்குன்னு போட்டிருக்கான்."

"இதுக்கும் ஒரு கோழியா?"

"எல்லாப் பக்கமும் ஒரே ரேட்டுதான் அண்ணே."

எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்களே சொல்லுங்க. தப்பா ஒயர் போட்டா உன்னை உள்ள தள்ளிருவேன்ங்கான். சரி சாமி, எது சரின்னு சொல்லுன்னு கேட்டா, முப்பத்தெட்டாயிரத்தை எடுங்கான். ரோட்டுல நில்லுன்னு ஒரு போர்டை வச்சுட்டு, அந்தப் போர்டைப் பாக்க டிக்கெட்டுப் போட்ட கதையால்ல இருக்கு? மருந்து ரூமுல பத்திக்கிட்டா சாகப் போறது எங்க ஊரு ஆளு. அது பத்தாம இருக்க வழி அவன் பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்கு.

"வேண்டாம் வேணு. இசக்கிபாண்டியே வாங்கட்டும். அவனும் சாகட்டும்" அப்படின்னு எந்திரிச்சேன்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" அப்படின்னான் வேணு. "இதை விக்குத மெட்ராஸ் ஏஜென்சியில ஒரு சலுகை போட்டிருக்கான். பொம்பளைங்க நடத்துத சின்னக் கடைன்னா பாதி வெலை. உங்க கடை மதினி பேருலதான இருக்கு?"

நான் திரும்ப உட்கார்ந்தேன். பாதின்னா பத்தொன்பதாயிரம். கையில இருக்கு. டிரில்லிங் மிஷின் போச்சு, போகட்டும். பொண்டாட்டி பேரை வச்சே, பொண்டாட்டிக்குத் தெரியாம, பொண்டாட்டிக்குள்ள சலுகையில வாங்கப் போறேன். எனக்கே என் மூளையை நெனைச்சா பெருமையா இருந்துச்சு.

"போடுலே" அப்படின்னேன்.

வேணு கடைப் பதிவு நம்பரைப் போட்டான். எல்லாம் தானா வந்து நின்னுச்சு. பேரு தங்கமாரி. போன் நம்பரு தங்கமாரியோடது. மெயிலு தங்கமாரியோடது. "ஓடிபி மதினி போனுக்குப் போயிருக்கு அண்ணே. கேட்டுச் சொல்லுங்க" அப்படின்னான்.

போன் பண்ணினேன்.

"தங்கம், உன் போனுக்கு ஏதாவது நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்குங்க. ஆறு நம்பரு."

"அதைச் சொல்லு. கேஸு மானியத்துக்குக் கேக்கான்."

கடகடன்னு சொல்லிட்டா. அதுலயே நான் முழிச்சிருக்கணும். தயிரு வாங்கப் போனாக்கூட எந்தக் கடை, யாரு நின்னா, ஏன் இவ்வளவு நேரம்னு கேக்குதவ. அன்னிக்கு ஒரு கேள்வி கேக்கல. நான் என் சாமர்த்தியம்னு நெனைச்சுக்கிட்டேன்.

துட்டை வேணுகிட்ட கொடுத்தேன். அவன் கார்டுல கட்டினான். புத்தகம் வந்துட்டு. மிஞ்சின காசுல ரெண்டு புரோட்டா தின்னுட்டு, பல்லுக் குத்திக்கிட்டே திரும்பி வந்து, "தெறடா பார்ப்போம்" அப்படின்னு கால் மேல கால் போட்டு உட்கார்ந்தேன்.

வேணு தலையைச் சொறிஞ்சான். "தெறக்கவும் ஓடிபி கேக்கான் அண்ணே."

திரும்பப் போன் பண்ணினேன்.

"என்னங்க, கேஸுக்காரன் மறந்துட்டானா?"

"ஆமா தங்கம். அவன் சர்வரு படுத்துட்டாம்."

சொன்னா. தெறந்துச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கால, பெரிய எழுத்துல, 'தங்கமாரி, உரிமையாளர், இவர் படிப்பதற்கு மட்டும்'னு ஓடுது. படத்தையே மறைக்குது. எட்டிப் பார்த்து ஒரு பாதி படத்தைப் புரிஞ்சுக்கிடுததுக்குள்ள தானா மூடப் பாத்துச்சு. அஞ்சு நிமிசம் அசையாம இருந்தா மூடிருமாம். நான் படிக்க வேகத்துக்கு அஞ்சு நிமிசம் ஒரு வரிக்கே பத்தாது.

"பிரிண்டு எடு வேணு."

எடுத்தான். வெள்ளைப் பேப்பர்ல தங்கமாரி பேரு மட்டும் வந்துச்சு.

"செல்லுல போட்டோ புடிச்சுருவோமா?"

"அண்ணே, ரெண்டாம் பக்கத்தை ஓசியில படிச்சீங்கள்ல? எனக்குக் கடை வேணும்" அப்படின்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

அதுக்குள்ள புத்தகம் மூடிக்கிட்டு. மூணாவது தடவை போன் பண்ணினேன். இந்தத் தடவை அவ ஹலோ கூடச் சொல்லல.

"ஏங்க, காலையில இருந்து கேஸுக்குன்னு நம்பரு சொல்லிக்கிட்டே இருக்கேன். மொதல்ல சிலிண்டரு வீட்டுக்கு வரட்டும். அப்புறம் அடுத்த நம்பரு" அப்படின்னு வச்சுட்டா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தங்கமாரி நடையில உட்கார்ந்திருந்தா. மடியில போனு. கண்ணாடி போட்டிருந்தா. கண்ணாடி எப்பப் போடுவான்னா, சீட்டுப் புடிக்கும்போதும் கல்யாண வீட்டு மொய்ச் சீட்டைச் சரிபாக்கும்போதும்தான் போடுவா.

"என்னட்டி படிக்க?"

"பதினேழாம் பக்கம்."

நான் தூணைப் புடிச்சுக்கிட்டேன்.

"எது... எதுல பதினேழாம் பக்கம்?"

"நீங்க வாங்கினதுலதாங்க. என் மெயிலுக்குத்தான வந்துச்சு. வாழ்த்துகள் தங்கமாரி அவர்களேன்னு போட்டிருக்கான். எனக்கு இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல."

"துட்டு ஏதுன்னு கேக்க மாட்டியா?" என் வாயி சும்மா இருக்காது பாருங்க.

"எதுக்குக் கேக்கணும்? ஆளைத் தூக்கி எறியுத பெட்டியில இருந்துதான?"

"உனக்குத் தெரியுமா?"

"போன தீவாளிக்கு ஒட்டடை அடிக்கையில கம்பு பட்டு மூடி கழண்டு விழுந்துட்டு. நான் எங்கயும் பறக்கல. நோட்டுதான் பறந்துச்சு. பொறுக்கி அப்படியே அடுக்கி வச்சுட்டேன்."

"எடுக்கலியா?"

"உங்க துட்டை நான் ஏன் எடுக்கேன்? ஒரு நல்ல காரியத்துக்கு நீங்களே எடுப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அவ அதை அமைதியாச் சொன்னதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துச்சு. இருந்தாலும் ஆம்பளையில்லையா. கையை நீட்டினேன்.

"சரி, குடு. நானும் பாக்கேன்."

"ஏலாதுங்க."

"என்னது?"

"உரிமம் வாங்கின ஒருத்தர்தான் படிக்கணும். வேற ஆளுக்குக் காட்டினா குத்தம். இந்தா, நாலாம் பக்கத்துல போட்டிருக்கு."

"காட்டு, எங்க?"

"காட்டினாத்தான் குத்தம்னு சொல்லுதேன்ல."

"ஏட்டி, நான் உன் புருசன்."

"புருசனுக்குக் காட்டலாம்னு எங்கயும் போடலியே."

"சத்தமாவாவது படி. காதுல கேட்டுக்கிடுதேன்."

"அதுவும் பகிர்ந்துக்கிடுததுதான். வாங்குத துட்டுக்கு ஒழுங்கா இருக்கணும்ங்க. நாளைப்பின்ன அவன் சட்டத்தைக் காட்டினா, நம்ம கடை பேருல்ல கெட்டுப் போவும்?"

பின்னால நின்னு எட்டிப் பார்த்தேன். போனைத் திருப்பிக்கிட்டா. தண்ணி குடிக்கப் போற மாதிரிப் போய்ப் பார்த்தேன். சேலை முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டா. ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவ. புரியாத வார்த்தைக்குப் போன்கிட்டயே அர்த்தம் கேட்டுக்கிட்டு, ஏதோ வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி உச்சுக் கொட்டிக்கிட்டே படிக்கா. பக்கத்துக்கு ஒரு கோழி. எல்லாக் கோழியும் என் துட்டு. எனக்கு வாசம் கூடக் கெடையாது.

விடிஞ்சதும் ஒரு யோசனை வந்துச்சு. புத்தகம் அவகிட்ட இருந்தா என்ன, வாங்கின ரசீது வேணு கடையில இருக்கே. அதைக் கொண்டு போய் அண்ணாச்சிகிட்டக் காட்டி, வேலையை என் பேருல முடிச்சுட்டு வந்துட்டா அப்புறம் அவ என்ன செய்ய முடியும்? வேணுகிட்ட ரசீதை எடுத்துக்கிட்டு, பைக்கை முறுக்கிக்கிட்டு கடம்பூர் ரோட்டுல பறந்தேன். ரெண்டு பக்கமும் கரிசக்காடு. எதுக்கால வந்த ஆடுக கூட ஒதுங்கி வழி விட்டுச்சு.

அண்ணாச்சி கட்டடத்து வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்திருந்தாரு.

"அண்ணாச்சி, வாங்கியாச்சு" அப்படின்னு ரசீதை நீட்டினேன்.

"தெரியுமே" அப்படின்னாரு அண்ணாச்சி. "தங்கச்சி மொத பஸ்ஸுலயே வந்து, பேரு போட்ட மொதப் பக்கத்தை மட்டும் தெறந்து காட்டிட்டுப் போயிட்டாவளே. அந்த வெளிநாட்டு ஆளுகிட்ட போன்லயே பேசிட்டாவ. அவன் ஒரு கேள்வி கேட்டான், இவிய பக்கத்து நம்பரோட பதில் சொல்லிட்டாவ. அவனுக்கு ரொம்ப சந்தோசம்."

எனக்குக் காலுக்குக் கீழ இருந்த கரிசல் மண்ணு மழைக்காலம் மாதிரி வழுக்குச்சு. அவ சீக்கிரமா எந்திரிச்சது தெரியும். பால் வாங்கப் போறான்னு நெனைச்சேன்.

"அப்ப இசக்கிபாண்டி?"

"அவன் போன்ல யாரோ ஓசியில அனுப்பினாங்கன்னு ஒண்ணைக் கொண்டு வந்து காட்டினான். அது ஏதோ கப்பல் இஞ்சினைக் கழட்டுத புத்தகமாம். இங்கன கடல் எங்கலே இருக்குன்னு கேட்டேன். போயிட்டான்."

"அப்ப வேலை நமக்குத்தான அண்ணாச்சி?"

"தங்கச்சிக்கு. உரிமையாளர்னு கையெழுத்துப் போட்டு அட்வான்சும் வாங்கிட்டாவ. ஒயர்மேன் லைசன்ஸ் உள்ள ஆளை வச்சுத்தான் செய்யணுமேம்மான்னு கேட்டேன். ஒரு ஆளு இருக்காரு, சம்பளம் கம்மி, சொன்னபடி கேப்பாருன்னு சொன்னாவ."

எனக்குப் பொறுக்கல. என் கடையில எனக்குத் தெரியாம வேற ஆளா?

"யாரு அண்ணாச்சி அந்த ஆளு?"

"நீதாம்லே" அப்படின்னாரு.

திரும்பி வருத வழியில வேணு கடையில பைக்கை நிறுத்தினேன். அவன் என் மொகத்தைப் பாக்காம கீபோர்டைத் தொடைச்சுக்கிட்டே இருந்தான்.

"வேணு, உண்மையைச் சொல்லு. அந்தப் பொம்பளைங்க சலுகையை நீதான கண்டுபுடிச்சே?"

"அண்ணே, கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டு விட்ட அன்னிக்கே மதினிக்குத் தெரிஞ்சு போச்சு. அண்ணாச்சி வீட்டம்மா கோயில்ல சொல்லியிருக்காவ. மதினி நேரா இங்கன வந்து வெலையைப் பார்த்தாவ. சலுகையையும் அவியதான் கண்டுபுடிச்சாவ. உங்க அண்ணன் நாளைக்கு வருவாரு, வெலையைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போவாரு, அப்ப இதைச் சொல்லி உட்கார வையின்னு சொன்னாவ."

"நான் எந்திரிப்பேன்னு எப்படித் தெரியும்?"

"அது தெரியல அண்ணே. சரியா எந்திரிச்சீங்க."

வீட்டுக்குள்ள நொழைஞ்சேன். கத்தணும்னு நெனைச்சுத்தான் நொழைஞ்சேன். தங்கமாரி போனைக் கீழ வச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு, என்னைப் பார்த்தா.

"கோவமாங்க?"

"பின்ன? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

நான் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினேன். ஆனா அவ விடல.

"இங்க பாருங்க. நான் கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸுல குச்சி அடுக்கினவ. மருந்து ரூமுல எங்க முத்துத்தாய்ச் சித்தி இன்னிக்கும் வேலை செய்யுதா. அண்ணாச்சியோட புது ஆபீஸுக்குத்தான் மாறப் போறா. நீங்க இந்தப் புத்தகத்தை உங்க பேருல வாங்கியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அண்ணாச்சிகிட்டக் காட்டிட்டு அலமாரியில வச்சுட்டு, பழைய பழக்கத்துல ஒயரு போட்டிருப்பீங்க. நான் ராவும் பகலுமா உட்கார்ந்து படிச்சேன். அந்த ரூமுக்குள்ள ஸ்விட்சே இருக்கக் கூடாதாம், தெரியுமா உங்களுக்கு? எல்லாம் வெளிச் சொவத்துலதான் இருக்கணுமாம். இந்த ஒரு வரியைச் சொல்லுததுக்கு முப்பத்தெட்டாயிரம் கேக்கான். எனக்கும் எரியுதுங்க. பாதியாவது கொறையட்டும்னுதான் அப்படிச் செஞ்சேன்."

அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் அதுக்கப்புறம் எப்படிக் கத்துவேன்? பக்கத்துல உட்கார்ந்தேன். அவ மேல இருந்த கோவம் மெட்ராஸ் ஏஜென்சி மேல போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அவனைத் திட்டினோம். எங்களுக்குக் கல்யாணமாகி, இவ்வளவு ஒத்துமையா ஒருத்தனைத் திட்டினது அதுதான் மொதத் தடவை.

"சரி தங்கம்" அப்படின்னேன் மெதுவா. "புத்தகம் காட்ட வேண்டாம். நீ படி. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு. நான் செய்யுதேன்."

"அதுக்கு அனுமதி உண்டு. வேலை சொல்லலாம்" அப்படின்னா.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் பாட்னரு."

"இல்லைங்க. நான் உரிமையாளரு. நீங்க வேலையாளு. எழுதிக் கொடுத்தாச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வேலையில நிக்கணும். லேட்டானா அரை நாள் சம்பளம் புடிப்பேன். அண்ணாச்சிகிட்ட நேரத்தைப் பத்திக் கறாராச் சொல்லியிருக்கேன்."

"ஏட்டி, என்கிட்டயேவா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

மறுநாளு நான் ஆறு மணிக்கே குளிச்சு, டூல் பாக்ஸைத் தொடைச்சு, பைக்கைத் தெருவுல நிறுத்தி, ஏழரைக்கே ஹாரன் அடிச்சேன். இந்த ஒரு விசயத்துலயாவது அவளை ஜெயிக்கணும்னு வைராக்கியம். தங்கமாரி சாவகாசமா வந்து பின்னால உட்கார்ந்தா. மொத வேலை, நல்லபடியா முடியணும், செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு விடுங்கன்னா. விட்டேன். தேங்காய் வாங்கினா, வெலை பேசி வாங்கினா. ஐயரு வேற ஒரு அர்ச்சனையில இருந்தாரு. நான் வாசல்ல நின்னு கடிகாரத்தைப் பார்த்தேன். "சாமி காரியத்துல அவசரப்படக் கூடாதுங்க" அப்படின்னா. வெளிய வந்து அண்ணாச்சி வீட்டம்மாவைப் பார்த்துட்டு ஒரு பேச்சு. அப்புறம் பூ.

கடம்பூர் ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது எட்டே முக்கால். பைக்கை நிறுத்தினேன். தங்கமாரி எறங்கினா. சேலையைச் சரி பண்ணினா. கண்ணாடியை மாட்டினா. கையில கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தா.

ஒரே பைக்குலதான் வந்தோம். லேட்டா வந்தது நான் மட்டும்தானாம்.